பேக்கிங் மாற்றினால் போதுமா?

மும்பையின் கறுப்பு-மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்சிகளில் கடைசி வண்டி தார்தேவ் ஆர்டிஓ-வில் பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று. டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு என்பதால் 2023 அக்டோபர் இறுதியோடு அவை சாலையை விட்டுப் போயின. டாக்சிகள்தான் போயினவே தவிர, பழைய கார்கள் போய்விடவில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய கட்டிடங்களின் காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்தால், சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் மாருதி 800, ஜென், சான்ட்ரோ, அபூர்வமாக ஒரு பத்மினி கண்ணில் படும். வண்டியை எடுத்த பிறகு தரையில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். கேரேஜில் கேட்டால் பதில் தயாராக வரும்: “பேக்கிங் போயிருச்சு சார், மாத்திட்டா சரியாயிரும்.” மாற்றியதும் சரியாவதும் உண்மைதான். ஆறு மாதத்தில் அதே இடத்தில் அதே வட்டம் திரும்பி வருவதும் உண்மைதான். காரணம் எளிது: பழைய இன்ஜினில் பேக்கிங் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை, வேறொன்றால் கெடுக்கப்படுகிறது. அந்த வேறொன்றைத் தேடாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றுவது, காய்ச்சல் ஏன் வந்தது என்று பாராமல் மாத்திரை கொடுப்பதோடு நின்றுவிடும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும் வரை ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பேக்கிங் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இரும்பையோ அலுமினியத்தையோ எவ்வளவு நேர்த்தியாகச் சீவினாலும் இரண்டு பரப்புகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த மேடு பள்ளங்களை நிரப்பி, போல்ட்டின் அழுத்தத்தை எல்லா இடத்துக்கும் பகிர்ந்து கொடுக்க மெத்தென்ற ஒரு பொருள் தேவைப்படுகிறது. மேலே டேப்பெட் கவர், அதற்குக் கீழே ஹெட், முன்பக்கம் டைமிங் கவர், அடியில் மெக்கானிக்குகள் ‘சேம்பர்’ என்று சொல்லும் எண்ணெய்த் தொட்டி என ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பேக்கிங் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் முன்பக்கமும் பின்பக்கமும் சுழலும் இடங்கள் என்பதால் அங்கே ஆயில் சீல். ஒரு காலத்தில் இந்த சீல்கள் தோலால் ஆனவை. பிறகு நைட்ரைல் ரப்பர் வந்தது. பழைய கார்களின் டேப்பெட் கவரிலும் சேம்பரிலும் கார்க் பேக்கிங் சாதாரணம். கார்க் மரப்பட்டையின் நுண்ணறைகளில் காற்று அடைந்திருப்பதால் அழுத்தினால் சுருங்கும், விட்டால் எழும். தோலோ கார்க்கோ ரப்பரோ, அடைப்பது இந்த எழும் குணத்தால்தான். வருடக்கணக்கான வெப்பம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கிறது. கார்க் காய்ந்து சுருங்குகிறது, ரப்பர் பிளாஸ்டிக் போல விறைக்கிறது. இந்த முதுமை இயல்பானது. 15, 20 ஆண்டு உழைத்த பேக்கிங் போனால் அதைக் குறை சொல்ல முடியாது. நேற்று மாற்றியது இன்று ஒழுகினால்தான் விசாரணை தேவை.

விசாரணையின் முதல் படி இடத்தைக் கண்டுபிடிப்பது. இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஓட்டு வீட்டில் ஓடு உடைந்த இடம் ஒன்று, தண்ணீர் சொட்டும் இடம் வேறு என்று மும்பை மழையில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இன்ஜினிலும் அப்படித்தான். டேப்பெட் கவரில் கசியும் எண்ணெய் பிளாக்கின் பக்கவாட்டில் வழிந்து, சேம்பரின் விளிம்பில் சேர்ந்து, அங்கிருந்து சொட்டும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளுவதால் கியர்பாக்ஸ் வரை எல்லாம் நனைந்திருக்கும். கீழே படுத்துப் பார்ப்பவருக்குக் குற்றவாளி சேம்பர் பேக்கிங் என்றே தோன்றும். அதை மாற்றக் கூலியும் கொடுத்த பிறகு, மேலேயிருந்து எண்ணெய் பழையபடி இறங்கி வரும். எனவே இன்ஜினை முதலில் நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். சந்தேகப்படும் இணைப்புகளில் டால்கம் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்த்து வந்தால் பவுடர் முதலில் கறுக்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். இரவில் வண்டியின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தாலும் செய்தி கிடைக்கும். கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். நீர்த்து, நிறமின்றிச் சக்கரத்தின் அருகே இருந்தால் பிரேக் ஆயில். அது தெரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. செலவில்லாத இந்தச் சோதனையைச் சொந்தக்காரரே செய்யலாம்.

இடம் தெரிந்ததும் அடுத்த கேள்வி, ஏன். கழற்றிய பழைய பேக்கிங்கைக் குப்பையில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவரே நல்ல மெக்கானிக். டேப்பெட் கவரின் கார்க் பேக்கிங்கில் போல்ட் துளையைச் சுற்றி மட்டும் அட்டை போல நசுங்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் பருத்து, அங்கே உலோகத்தின் தடமே விழாமல் இருந்தால் கதை தெளிவு: யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். பல பழைய இன்ஜின்களில் டேப்பெட் கவரும் சேம்பரும் மெல்லிய தகரத்தை அழுத்திச் செய்தவை. போல்ட்டை மேலும் மேலும் இறுக்கினால் துளையைச் சுற்றியுள்ள தகரம் உள்வாங்கும், நடுப்பகுதி மேலே வளையும். எண்ணெய்க்கு வழி திறந்துவிடும். ஒழுகுகிறதே என்று மறுபடி இறுக்கினால் வழி இன்னும் அகலமாகும். இதற்கு மருந்து புதிய பேக்கிங்கோடு முடிவதில்லை. கவரைக் கவிழ்த்து, பள்ளம் விழுந்த துளைகளைக் கட்டை வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். ஹெட் பேக்கிங்கின் விஷயம் இன்னும் கண்டிப்பானது. எரியும் வாயுவின் அழுத்தம், தண்ணீர், எண்ணெய் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் அது ஒன்றே தடுக்கிறது. ஒருமுறை இன்ஜின் கொதித்துவிட்டால் அலுமினிய ஹெட் வளைந்துவிடக்கூடும். நேர்ச்சட்டத்தை ஹெட்டின் குறுக்கே வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்தால் வளைவு தெரியும்; ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியே பல இன்ஜின்களில் அதிகம். வளைந்த ஹெட்டை லேத் பட்டறையில் ஃபேசிங் செய்யாமல் எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் பணம்தான் வீண். போல்ட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று கட்டங்களாக, டார்க் ரெஞ்ச்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். ‘கை சொல்லும்’ என்ற அனுபவ நம்பிக்கை சக்கர நட்டுக்குச் சரி. ஹெட் போல்ட்டுக்குப் போதாது.

பலர் யோசிக்காத இன்னொரு காரணம் உள்ளழுத்தம். பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதானாலும் எரிந்த வாயுவில் சிறு பகுதி அதைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அது வெளியேற ப்ரீதர் குழாய் உண்டு. பல இன்ஜின்களில் அது ஏர் ஃபில்டரோடு இணைந்திருக்கும். அந்தக் குழாய் அடைபட்டால் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு பேக்கிங்கை மாற்றினால் அடுத்தது ஒழுகும். அதையும் மாற்றினால் பின்பக்க சீல் போகும். மும்பை ஓட்டத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சயானிலிருந்து குர்லா வரை ஊர்ந்து செல்வதும், மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் குட்டிப் பயணமும் இன்ஜினை முழுச் சூட்டில் நெடுநேரம் வைப்பதில்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் எண்ணெயோடும் கரியோடும் கலந்து சேறாகிறது. அந்தச் சேறு முதலில் அடைப்பது ப்ரீதரையும் எண்ணெய் திரும்பி இறங்கும் துளைகளையும்தான். சோதிப்பது சுலபம்: இன்ஜின் நிதானமாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பார்க்க வேண்டும். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. புகை குப்குப்பென்று உதைத்துக்கொண்டு வந்தால் ஒன்று ப்ரீதர் அடைப்பு, இல்லை ரிங் தேய்மானம். குழாயைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டிய பிறகு உதைப்பு குறைந்தால் உங்கள் ‘பேக்கிங் செலவு’ அதோடு முடிந்திருக்கவும் கூடும். பத்மினி போன்ற வண்டிகளில் பிளாக்கின் மேலேயே இருக்கும் பெட்ரோல் பம்ப்பையும் பார்க்க வேண்டும். அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சேம்பருக்குள் சொட்டி எண்ணெயை நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறையாமல் ஏறினால், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், அதுதான் விஷயம்.

காரணத்தைச் சரிசெய்த பிறகே புதிய பேக்கிங்கின் முறை வருகிறது. பத்மினி போல உற்பத்தி நின்று கால் நூற்றாண்டான வண்டிக்குத் தயார் பேக்கிங் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. குர்லா சிஎஸ்டி சாலையின் பழைய உதிரிபாகக் கடைகளிலும் சோர் பஜாரிலும் தேடுவார்கள். இல்லையென்றால் பேக்கிங் ஷீட்டை வாங்கிப் பாகத்தின் மேலேயே வைத்து, சிறு சுத்தியால் விளிம்பில் தட்டித் தட்டி வடிவத்தை வெட்டியெடுப்பார்கள். கைத்திறன் அழகுதான், ஆனால் ஷீட்டின் கனம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பெட்ரோல் பம்ப்பின் அடியில் தடித்த பேக்கிங் போட்டால் அதைத் தள்ளும் கைக்கு எட்டாமல் பெட்ரோல் குறைவாக ஏறும். அங்கே கனம் என்பது அளவு. பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போதும் நிதானம் வேண்டும். அலுமினியப் பரப்பில் உளியால் ஒரு கீறல் விழுந்தால் அதுவே நாளைய கசிவு. பழைய காலத்து ஹெட் பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் அவற்றை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்து, தூசி பறக்காமல் எடுப்பதே நுரையீரலுக்குப் பாதுகாப்பு. பிறகு சிலிக்கான் பசை. அதைத் தேவையான மூலைகளில் மெல்லிய கோடாக இடுவது முறை. டூத்பேஸ்ட் மாதிரி பிதுக்கினால் வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்கியது தெரியாது. அது பிய்ந்து எண்ணெயில் மிதந்து, பம்ப்பின் வலையில் போய் ஒட்டினால் எண்ணெய் ஏறாமல் பேரிங் தேயும். நூறு ரூபாய்ப் பசை இன்ஜினையே காவு வாங்கும் வழி இது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். ‘பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும், குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம்’ என்பது முதல் மறுப்பு. இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி பி-வரிசையிலிருந்து வந்தது. அதில் கிராங்க்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. வெளியே வரும் எண்ணெயைச் சுழற்சியிலேயே உள்ளே திருப்பி அனுப்பும் திருகு வரிப்பள்ளம்தான். இன்ஜினை நிறுத்தியதும் ஓரிரு சொட்டு விழுவது அந்த வடிவமைப்பின் குணம், அதற்காகக் கியர்பாக்ஸை இறக்குவது வீண். ஆனால் எந்தச் சொட்டு குணம், எந்தச் சொட்டு கோளாறு என்று பிரித்தறியவும் காரணம் தெரிந்தாக வேண்டும் அல்லவா? கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால், நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்பது நாளைக்கு 72 மில்லிலிட்டர், மாதத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல். சிறிய காரின் இன்ஜினில் மொத்த எண்ணெயே மூன்று, நான்கு லிட்டர்தான். ஒரு மாதம் பார்க்க மறந்தால் போதும். இடையில் அந்த எண்ணெய் சும்மா இருப்பதுமில்லை. கிளட்ச் பிளேட்டை நனைத்து வழுக்கச் செய்யும், இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களை ஊறவைத்துக் கெடுக்கும். டேப்பெட் கவரிலிருந்து சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழும் சொட்டு முதலில் சுரீரென்று புகைந்து காருக்குள் கருகல் நெடியைத் தரும். சேர்ந்துகொண்டே போனால் தீப்பிடிக்கவும் செய்யும்.

சொந்த வண்டி, சொந்த எண்ணெய் என்று விட்டுவிடவும் முடியாது. சாலையில் மாதக்கணக்கில் சொட்டிய எண்ணெய் ஜூனின் முதல் மழையில் தண்ணீரின் மேல் படலமாக எழும்பி நிற்கும். சறுக்கி விழுவது பின்னால் பைக்கில் வருபவர். மழை வலுத்ததும் அது சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. இந்த எண்ணெயின் ஊர்ப்பயணத்தை மும்பைக்குள்ளேயே பார்க்கலாம். செம்பூரை ஒட்டிய மாகுலில், 1950-களில் எழுந்த சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்றான ஹெச்பிசிஎல் ஆலையில் இன்ஜின் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெய் தயாராகிறது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பத்மினிகளைச் செய்தது குர்லாவில். குர்லாவையும் தாராவியின் ஓரத்தையும் தொட்டு மாகிம் கழிமுகத்தில் கலக்கும் மிட்டி நதியில்தான் சிந்திய எண்ணெயின் ஒரு பங்கு போய்ச் சேர்கிறது. 2005 ஜூலை 26 அன்று 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்த நதி எதைச் சுமக்கிறது என்பதைக் கரையோர மக்கள் வீட்டுக்குள்ளேயே பார்த்தார்கள். ஒருமுறை மாற்றும் இன்ஜின் ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர், நன்னீரைக் கெடுக்கப் போதுமானது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எச்சரிக்கை. இந்தியாவிலும் கழிவு எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. கேரேஜ் டப்பாவில் பிடித்துச் சேர்க்க வேண்டிய அந்த எண்ணெயைத்தான் ஒழுகும் கார் ஊரெங்கும் சொட்டிக்கொண்டு போகிறது.

இரண்டாவது மறுப்பு குறுக்கு வழி பற்றியது: ‘கெட்டியான ஆயில் ஊற்றினால் நின்றுவிடும், ஒழுகலை நிறுத்தும் மருந்து டப்பா கடையில் கிடைக்கிறதே!’ மும்பையில் பனிக்காலம் என்று ஒன்று பெயருக்குத்தான். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி எண்ணெய் பழைய இன்ஜினுக்கு இங்கே பொருந்தும் என்பதை ஏற்கலாம். டப்பா மருந்தும் முழுப் பொய்யல்ல. விறைத்த ரப்பரைச் சற்றே ஊதச்செய்யும் ரசாயனம் அதில் இருப்பதால் கிராங்க் சீலின் லேசான கசிவு சில காலம் குறையக்கூடும். ஆனால் வளைந்த தகரத்தை எந்த ரசாயனமும் நிமிர்த்தாது, அடைபட்ட ப்ரீதரைத் திறக்காது, காய்ந்து உடைந்த கார்க்கை ஒட்டாது. ரப்பர் வயதானதுதான் காரணம் என்று உறுதியான பிறகு, கியர்பாக்ஸை இறக்கும் நாள் வரை தாக்குப்பிடிக்க அதைப் பயன்படுத்தினால் அது கணக்கு. காரணம் தெரியாமல் ஊற்றினால் சூதாட்டம்.

மூன்றாவது, நியாயமான மறுப்பு. டேப்பெட் கவர் பேக்கிங் சில நூறு ரூபாய்தான். அதற்காகக் கழுவுவது, பவுடர் போடுவது, அளப்பது என்று மெக்கானிக் அரை நாள் செலவிட்டால் கூலியை யார் கொடுப்பார்கள்? உண்மையில் அந்தக் கூலியைத் தனியாகக் கொடுக்க நாம் தயாராக இல்லாததால்தான் அவர்கள் யூகத்தில் வேலை செய்கிறார்கள். பாகத்துக்கு மட்டும் பணம், பார்ப்பதற்குப் பணமில்லை என்ற நம் பழக்கம் பாகத்தை மாற்றும் மெக்கானிக்குகளையே வளர்த்திருக்கிறது. பின்பக்கக் கிராங்க் சீலை எடுத்துக்கொள்ளுங்கள். பாகத்தின் விலை சொற்பம், அதை எட்டுவதற்குக் கியர்பாக்ஸை இறக்கும் கூலி பல மடங்கு. தவறான யூகத்தில் ஒருமுறை இறக்கி ஏற்றுவதைவிட, அரை நாள் பார்வைக்குக் கூலி கொடுப்பது மலிவு. அதே தர்க்கப்படி, கிளட்ச் வேலைக்காக எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கியிருந்தால் சீல் ஒழுகாவிட்டாலும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். அதற்காக ‘திறந்ததே திறந்தோம்’ என்று ஒழுகாத ஹெட்டையும் கழற்றச் சொன்னால் சம்மதிக்க வேண்டியதில்லை. நன்றாக அமர்ந்த ஹெட்டைக் கலைப்பது புதுத் தொல்லைக்கு வழி.

கடைசி மறுப்பு எல்லாவற்றையும்விடப் பெரியது: இத்தனை பாடுபட்டு இந்த வண்டியை ஏன் காப்பாற்ற வேண்டும்? 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. மகாராஷ்டிரத்தில் பசுமை வரியும் உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின், பழைய வாகனங்களில் சில ரப்பர் பாகங்களையும் பேக்கிங்குகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. அரசின் செய்தி புரியாததல்ல, புகை விஷயத்தில் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஆயில் கசிவு மட்டும் இன்ஜினின் ஆயுள் முடிந்ததற்குச் சாட்சியாகாது. கார்க் காய்ந்ததால் ஒழுகும் இன்ஜினுக்குள் பிஸ்டனும் பேரிங்கும் நல்ல நிலையில் இருக்கலாம். அதைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளுவது நஷ்டம். மாறாக, ப்ரீதரைச் சுத்தம் செய்த பிறகும் புகை உதைத்து, கம்ப்ரஷன் சோதனையிலும் அளவு குறைந்தால், ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அப்போது புதுப் பேக்கிங் போடுவது ஏமாற்று வேலை. இன்ஜினைப் பிரித்து முழு வேலை செய்வதா, வண்டிக்கு விடை கொடுப்பதா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் அதுதான். ஆக, காரணத்தைத் தேடச் சொல்வது பழைய காரின் மேலுள்ள பாசத்தால் அல்ல. எப்போது செலவு செய்வது, எப்போது நிறுத்திக்கொள்வது என்ற இரண்டையும் அந்த ஒரே தேடல்தான் சொல்கிறது. அடுத்த முறை கேரேஜில் ‘பேக்கிங் போயிருச்சு’ என்று கேட்டால், ‘சரி, அது ஏன் போச்சு?’ என்று கேளுங்கள். விடை சொல்ல முடியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். சொல்லத் தெரிந்தவரிடம் கூலிக்குப் பேரம் பேசாதீர்கள்.